24 ஆயிரமும் 16 ஆயிரமும் ஒண்ணா?

டெங்கு வார்டுக்காக நான் எழுதின குட்டி கம்ப்யூட்டர் புரோகிராம் ஒண்ணு என்னையே ஏமாத்தின கதை இது. த்ரெட் கொஞ்சம் நீளம். பாதி மருத்துவம், பாதி கோடிங். ரெண்டும் தெரியாதவங்களுக்கும் புரியுற மாதிரி எழுதப் பாக்குறேன். நோயாளியோட அடையாளங்கள் எல்லாத்தையும் மாத்தியிருக்கேன்.

முதல்லயே சொல்லிடறேன், நான் ஐடி ஆள் இல்ல. எம்பிபிஎஸ் முடிச்சிட்டு அரசு மருத்துவமனைல வேலை பாக்குற டூட்டி டாக்டர். கொரோனா காலத்துல 2 வாரம் குவாரன்டைன் ரூம்ல அடைஞ்சு கிடந்தப்ப பைத்தான் கத்துக்கிட்டேன். பிஜி நுழைவுத் தேர்வுக்குப் படிக்க வேண்டிய நேரம் அது. எங்க வீட்டுல சொல்லிடாதீங்க.

மழை ஆரம்பிச்சா காய்ச்சல் வார்டு எப்படி இருக்கும்னு அரசு ஆஸ்பத்திரிக்கு வந்தவங்களுக்குத் தெரியும். பெட் நிறைஞ்சு தரையில பாய் போட்டிருப்போம். ஒவ்வொருத்தருக்கும் காலைலயும் சாயங்காலமும் ரத்தம் எடுத்து அனுப்புவோம். லேப்ல செல் கவுன்டர் மிஷின் எண்ணி முடிச்சதும் ரிசல்ட் பக்கத்துல இருக்குற கம்ப்யூட்டர்ல ஒரு ஃபைலா விழும். லேப் அண்ணன் அதைப் பார்த்து சீட்டுல எழுதி, அட்டெண்டர் கையில கொடுத்து, அது வார்டுக்கு வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். சில நாள் சீட்டு வேற வார்டுக்கே போயிரும்.

அந்த ஃபைலை நேரா வார்டு கம்ப்யூட்டர்ல காட்டினா என்னன்னு தோணுச்சு. சீஃப் கிட்ட அனுமதி வாங்கிட்டு உக்காந்து எழுதினேன். பட்டன், படம், கலர் எதுவும் கிடையாது. கருப்புத் திரைல ஒரு வார்த்தை டைப் பண்ணி என்டர் தட்டினா பெட் வாரியா அட்டவணை வரும். இதுக்குப் பேரு கமாண்ட் லைன். சினிமால ஹேக்கர் படபடன்னு தட்டுவாரே, அந்தத் திரைதான். நிஜத்துல அவ்வளவு பரபரப்பா எல்லாம் இருக்காது.

முதல் வாரம் எல்லாருக்கும் சந்தோஷம். சந்தோஷம் வந்தா கூடவே கோரிக்கையும் வருமே.

சிஸ்டர் கேட்டாங்க: "சார், பிளேட்லெட்டை 24000-னு போடாம 0.2 லட்சம்னு போடுங்க, ஒரே பார்வைல தெரியும்." போட்டேன். நம்ம ஊர்ல டாக்டர்ல இருந்து அட்டெண்டர் வரைக்கும் பிளேட்லெட்டை லட்சத்துலதான் பேசுவோம். 1.5-ல இருந்து 4.5 லட்சம் வரைக்கும் நார்மல். "ஒன்னரை இருக்கு, பயப்படாதீங்க"ன்னு நீங்களே கேட்டிருப்பீங்க.

டூட்டி டாக்டர்ஸ் வாட்ஸ்அப்ல அனுப்புற மாதிரி கேட்டாங்க. பெயர் இல்லாம பெட் நம்பரை மட்டும் வச்சு ஒண்ணு எழுதினேன். அடுத்து, தினசரி காய்ச்சல் பட்டியல் அனுப்புற ஆபீஸ்ல இருந்து எக்செல்ல திறக்குற மாதிரி வேணும்னாங்க. அதையும் எழுதினேன்.

எப்படி எழுதினேன்னு கேக்குறீங்களா? முதல்ல எழுதினதை காப்பி பண்ணி, ஒட்டி, அங்கங்க மாத்தி. அதாவது ஒரே விஷயம் மூணு இடத்துல. ரவுண்டிங், தலைப்பு, அலகு எல்லாம் மூணு இடத்துலயும் தனித்தனியா உக்காந்திருக்கு. ஒண்ணைத் திருத்தினா மத்த ரெண்டும் பழைய மாதிரியே நிக்கும்.

முதல் அடி சிரிப்பா வந்துச்சு. எக்செல்லுக்குக் கொடுத்தது சிஎஸ்விங்கற வகை. ஒரு வரிக்கு ஒரு நோயாளி, ஒவ்வொரு தகவலுக்கும் நடுவுல ஒரு கமா, அவ்வளவுதான் அதோட இலக்கணம். நான் புத்திசாலித்தனமா படிக்க அழகா இருக்கட்டும்னு பிளேட்லெட்டை 1,20,000-னு கமா போட்டு அச்சடிச்சிருக்கேன். எக்செல் என்ன பண்ணும்? கமாவைப் பார்க்குற இடத்துல எல்லாம் கட்டம் மாறும். 1 ஒரு கட்டம், 20 ஒரு கட்டம், 000 ஒரு கட்டம். ஆபீஸ்ல இருந்து போன்: "டாக்டர், உங்க வார்டுல எல்லாருக்கும் பிளேட்லெட் ஒண்ணுதான் இருக்கு, எல்லாரும் உயிரோட இருக்காங்களா?"

கமாவை எடுத்துட்டு அன்னைக்குத் தப்பிச்சேன். அதுல இருந்த பாடத்தைத்தான் படிக்கல.

ரெண்டாவது அடிக்கு வருவோம்.

சிஸ்டர் மறுபடி கேட்டாங்க: "சார், காலைல இருந்ததுக்கு இப்ப கூடியிருக்கா குறைஞ்சிருக்கான்னு பக்கத்துல ஒரு அம்புக்குறி போட முடியுமா?" ரொம்ப நல்ல யோசனை. 10 நிமிஷத்துல போட்டேன். திரைல வர்ற காலை எண்ணையும் சாயங்கால எண்ணையும் ஒப்பிட்டு மேல அம்பு, கீழ அம்பு, இல்லன்னா "மாற்றமில்லை".

திரைல வர்ற எண்ணை. இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

பெட் 7-ல 11 வயசுப் பாப்பா. காய்ச்சல் வந்து 5-வது நாள். அன்னைக்குக் காலைல காய்ச்சல் விட்டிருச்சு. அம்மா முகத்துல நிம்மதி. டெங்குல எங்களுக்குப் பயம் ஆரம்பிக்கறது அங்கதான். காய்ச்சல் விட்டதுக்கு அப்புறம் வர்ற 24-ல இருந்து 48 மணி நேரத்துலதான் ரத்தக்குழாய்ல இருந்து நீர் கசியுறது அதிகம். கசிஞ்சா ரத்தம் கெட்டியாகும், பிசிவிங்கற எண் ஏறும். பிசிவி ஏற ஏற பிளேட்லெட் வேகமா இறங்கினா அது அபாய அறிகுறி.

(நடுவுல ஒரு வார்த்தை. "பிளேட்லெட் ஏத்துங்க டாக்டர்"னு சண்டை போடுறவங்களுக்கு: ரத்தக்கசிவு இல்லாதப்ப வெறும் எண்ணைப் பார்த்து உடனே பிளேட்லெட் ஏத்துறதில்ல. பெரும்பாலான டெங்கு நோயாளிகளைக் காப்பாத்துறது சரியான நேரத்துல, சரியான அளவுல கொடுக்குற திரவம்தான். பப்பாளி இலையைப் பத்தி இன்னொரு நாள் பேசிக்கலாம்.)

சாயங்காலம் 4 மணிக்கு ரிசல்ட் வந்துச்சு. நான் கேஷுவால்டில ஒரு பைக் விபத்து கேஸைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். போன்ல கேட்டேன், "சிஸ்டர், 7 எப்படி?" அவங்க திரையைப் பார்த்துச் சொன்னாங்க, "மாற்றமில்லைன்னு இருக்கு சார்." சரின்னு வச்சிட்டேன்.

அரை மணி நேரம் கழிச்சு அவங்களே கூப்பிட்டாங்க. "சார், காலைல லேப் அண்ணன் போன்ல சொன்னப்ப நான் நோட்டுல 24 ஆயிரம்னு எழுதி வச்சிருக்கேன். இப்ப சீட்டு வந்திருக்கு. அதுல 16 ஆயிரம்னு போட்டிருக்கு. உங்க புரோகிராம் மாற்றமில்லைங்குது. எதை சார் நம்புறது?"

24 ஆயிரம்னா 0.24 லட்சம். புள்ளிக்கு அப்புறம் ஒரே ஒரு இலக்கம்னு நான் சொல்லி வச்சிருந்ததால 0.2. 16 ஆயிரம்னா 0.16 லட்சம். ரவுண்ட் பண்ணினா அதுவும் 0.2. ரெண்டும் 0.2, அதனால மாற்றமில்லை. கம்ப்யூட்டர் பொய் சொல்லல. நான் சொன்னதைத்தான் செஞ்சிருக்கு.

பிசிவி? அதுவும் திரைல இருந்துச்சுதான். கடைசிக் கட்டமா வச்சிருந்தேன். பாப்பா பேர் நீளம், வார்டு மானிட்டரோ பழைய சின்ன மானிட்டர். வரி மடங்கி அந்த எண் மட்டும் கீழ் வரில அநாதையா நின்னுச்சு. காலைல 35, இப்ப 42. அதாவது அஞ்சுல ஒரு பங்கு ஏறியிருக்கு.

ஓடினேன். கை கால் லேசா ஜில்லுன்னு இருந்துச்சு, நாடி வேகமா இருந்துச்சு, பிரஷர் இன்னும் விழல. எடைக்குக் கணக்குப் போட்டு டிரிப் ஆரம்பிச்சோம். ராத்திரி முழுக்க மணிக்கொரு தடவை நாடி, பிரஷர், சிறுநீர் அளவு. விடியக்காலைல பிசிவி இறங்க ஆரம்பிச்சுது. மூணு நாள் கழிச்சு டிபன் பாக்ஸைத் தூக்கிக்கிட்டு நடந்து வீட்டுக்குப் போச்சு பாப்பா. பிளேட்லெட் ஒரு பை கூட ஏத்தல.

அந்த அரை மணி நேரம் ஒன்றரை மணி நேரமா ஆகியிருந்தா? அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. மறுநாளே அந்த அம்புக்குறியைப் புரோகிராம்ல இருந்து தூக்கிட்டேன்.

என்கூடப் பள்ளிக்கூடத்துல படிச்சவன் ஒருத்தன் சாஃப்ட்வேர்ல இருக்கான். ஞாயித்துக்கிழமை போன் போட்டேன். பொறுமையா கேட்டுட்டு ஒரு கேள்விதான் கேட்டான்: "டேய் மாப்ள, உன் ஆஸ்பத்திரில ஒரே நோயாளிக்கு எத்தனை பாரம் எழுதுவீங்க?"

ஓபி சீட்டு, கேஸ் ஷீட், லேப் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, மாத ரிப்போர்ட்டுக்கு ஒரு பாரம்.

"ஓபி சீட்டுல இடம் பத்தலன்னு நோயாளியோட வயசைக் குறைச்சு எழுதிட்டு, அந்த வயசுக்கு டோஸ் போடுவியா?"

எனக்குப் புரிஞ்சு போச்சு.

ஆள் ஒருத்தர், பாரம் பல. பாரத்துல எந்தக் கட்டம் எவ்வளவு அகலம், எந்த அலகு, எத்தனை இலக்கம்ங்கறது பாரத்தோட சமாச்சாரம். அது ஆளை மாத்தக் கூடாது. நான் பாரத்துல எழுதினதை நோயாளின்னு நினைச்சுக் கணக்குப் போட்டிருக்கேன்.

அவன் சொல்லி நான் எழுதினதுதான் ஒரு "கிளாஸ்". புரோகிராமிங்ல கிளாஸ்னா வகுப்பறை இல்ல. இந்த மாதிரிப் பொருள்னா இன்னின்ன விவரம் கட்டாயம் இருக்கணும்னு ஒரு தடவை வரையறுத்து வைக்கறது. என்னோட கிளாஸுக்கு "வெளியீட்டு வடிவம்"னு பேர் வச்சேன். பைத்தான் 3-ல பேர்களைத் தமிழ் எழுத்துலயே வைக்கலாம், பலருக்கு இது தெரியாது. நடுவுல இடம் விடாம எழுதினா போதும்.

அந்த கிளாஸுக்குள்ள ஒரு நோயாளியோட தகவல் கூடக் கிடையாது. வடிவத்தோட பேர் என்ன, அதைப் பத்தி ஒரு வரி விளக்கம், இது மனுஷன் பார்க்கவா இன்னொரு புரோகிராம் படிக்கவா, எந்தெந்தக் கட்டம் எந்த வரிசைல, ஒவ்வொரு கட்டத்துக்கும் தலைப்பு, அலகு, எத்தனை இலக்கம், எவ்வளவு அகலம். அப்புறம், ரிசல்ட் இல்லன்னா என்ன எழுதணும்.

இந்தக் கடைசி ஒண்ணை எழுதும்போதுதான் இன்னொரு குழியும் கண்ணுல பட்டுச்சு. சாம்பிள் சரியில்லன்னா சில சமயம் மிஷின் எண்ணைத் தராது, வெறுமையா விட்டுரும். என் பழைய புரோகிராம் வெறுமையா இருந்தா 0-னு போடும். பிளேட்லெட் 0! ரிசல்ட் இல்லைங்கறது வேற, ரிசல்ட்டே சைபர்ங்கறது வேற. இப்போ திரை வடிவத்துல "ரிசல்ட் வரல, சாம்பிள் திரும்ப அனுப்பவும்"னு வரும். சிஎஸ்வில அந்தக் கட்டம் காலியா இருக்கும். ஆபீஸ்ல சராசரி போடும்போது பொய்யான சைபர் உள்ள நுழையாது.

திரை அட்டவணை, வாட்ஸ்அப், சிஎஸ்வி மூணும் இப்போ இந்த கிளாஸ்ல இருந்து பிறந்த மூணு பொருள்கள். மிஷின் கொடுத்த 16000 உள்ள 16000-ஆவே இருக்கும். கூடியிருக்கா குறைஞ்சிருக்கான்னு கணக்கு அதை வச்சுத்தான். எல்லாக் கணக்கும் முடிஞ்சு, கடைசிப் படில மட்டும் வடிவம் வந்து உடுப்புப் போட்டுவிடும். திரை வடிவத்துல லட்சத்துக்கு ரெண்டு இலக்கம்னு மாத்தினேன். 0.24, 0.16. பிசிவியை பெட் நம்பருக்குப் பக்கத்துலயே கொண்டு வந்துட்டேன். அம்புக்குறியும் திரும்ப வந்துச்சு.

உதவி வேணும்னு டைப் பண்ணினா என்னென்ன வடிவம் இருக்குன்னு ஒரு பட்டியல் வரும். அந்த விளக்கமும் கிளாஸ்ல இருந்தே எடுக்கறதால, புது வடிவம் சேர்த்தா பட்டியல் தானா வளரும். முன்னாடி இதைத் தனியா எழுதி வச்சிருந்தேன். அது எப்பவும் ரெண்டு வடிவம் பின்தங்கியே இருக்கும்.

எனக்கு ஒரு வாரம் தண்ணி காட்டினது தமிழ்ப் பேர்தான். "முத்து"ன்னு எழுதினா நம்ம கண்ணுக்கு எத்தனை எழுத்து? மூணு. பைத்தான் கிட்ட நீளம் கேட்டா 6-ங்கும். ம, உகரக் கொம்பு, த, புள்ளி, த, மறுபடி கொம்புன்னு தனித்தனியா எண்ணும். 12 எழுத்து அகலம் விடுன்னா அது கணக்குப்படி விடும், நம்ம கண்ணுக்கு அட்டவணை கோணலா நிக்கும். 5-வதோட வெட்டுன்னு சொன்னா "மீனாட்சி" பாவம் "மீனாட"ன்னு புள்ளியை இழந்து நிப்பாங்க. அகலத்தை எண்ணுற வேலையையும் கிளாஸுக்குள்ளயே ஒரு இடத்துல வச்சு, மெய்யையும் உயிர்மெய்யையும் ஒரே எழுத்தா எண்ணுற மாதிரி திருத்தினேன். கருப்புத் திரைல தமிழ் முழுசா நேரா நிக்க இன்னும் பாடுதான், ஆனா யார் பேரும் அறுபடுறதில்ல.

இது நான் கண்டுபிடிச்ச தத்துவம் இல்லைங்க. யூனிக்ஸ்ல 1973-ல பைப்னு ஒரு வசதி வந்துச்சு. ஒரு புரோகிராம் வெளியே விடுற எழுத்தை இன்னொண்ணு வாங்கிப் படிக்கும். அன்னைல இருந்தே இந்தத் தலைவலிதான். மனுஷனுக்காக அழகா அடுக்கினதை மிஷின் படிச்சு ஏமாறும். ஃபைல் பட்டியல் காட்டுற எல்எஸ் கமாண்ட் இதுக்கு ஒரு வழி வச்சிருக்கு. திரைக்குப் போனா பத்தி பத்தியா அடுக்கும், இன்னொரு புரோகிராமுக்குப் போனா வரிக்கு ஒண்ணாக் கொடுக்கும். புரோகிராமர்கள் தினமும் பயன்படுத்துற கிட்ல, "போர்சலின்"னு சேர்த்துச் சொன்னா மிஷின் படிக்குற வடிவம் வரும். பதிப்பு மாறினாலும் அந்த வடிவத்தை மாத்த மாட்டோம்னு அவங்க வாக்குக் கொடுத்திருக்காங்க. 2006-ல வந்த பவர்ஷெல்லோ எழுத்தையே கைமாத்தாம, பொருளை அப்படியே அடுத்த கமாண்டுக்குக் கொடுத்துட்டு, அலங்காரத்தைக் கடைசிக்குத் தள்ளி வச்சிடுச்சு. என் நண்பன் சொன்னதும் அதேதான்.

"சின்ன வார்டு, சின்ன புரோகிராம், இதுக்குப் போய் இவ்வளவா?"ன்னு நினைக்கலாம். 2020 அக்டோபர்ல இங்கிலாந்துல நடந்ததைப் பாருங்க. லேப்கள் கொரோனா ரிசல்ட்டை சிஎஸ்வில அனுப்பினாங்க. அந்த நாட்டுப் பொது சுகாதார அமைப்பு அதைப் பழைய எக்செல் வடிவத்துக்கு மாத்திச்சு. பழைய வடிவத்துல ஒரு தாளுக்கு 65,536 வரிதான் கொள்ளும். ஒரு நோயாளிக்கே பல வரி. தாள் நிறைஞ்சதும் மீதி சத்தமில்லாம விழுந்துருச்சு. செப்டம்பர் 25-ல இருந்து அக்டோபர் 2 வரைக்குமான 15,841 பாசிட்டிவ் கேஸ் தினசரிக் கணக்குல வரல. அவங்களுக்கு ரிசல்ட் போய்ச் சேர்ந்திருச்சு. ஆனா அவங்க கூடப் பழகினவங்களைத் தேடிப் பிடிக்கற வேலை நாள் கணக்குல தள்ளிப் போச்சு. பரவுற நோய்ல நாள் கணக்குன்னா என்னன்னு நமக்குத் தெரியும்.

டெஸ்ட் சரி, லேப் சரி, எண்ணும் சரி. ஊத்தி வச்ச பாத்திரம்தான் சின்னது.

இதைப் படிக்குற நீங்க புரோகிராம் எழுத மாட்டீங்களா இருக்கும். ஆனா ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வாங்குவீங்க. ஒரு லேப்ல பிளேட்லெட் 160-னு இருக்கும், இன்னொண்ணுல 1.6-னு இருக்கும், மூணாவதுல 160000-னு இருக்கும். மூணும் ஒண்ணுதான். ஒண்ணு ஆயிரத்துல, ஒண்ணு லட்சத்துல, ஒண்ணு முழு எண்ணா. "நேத்து 160 இருந்துச்சு, இன்னைக்கு 1.6 ஆயிருச்சு"ன்னு ஒரு அப்பா ராத்திரி 2 மணிக்குப் பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடி வந்ததை நான் பார்த்திருக்கேன். எண்ணுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு அலகு அச்சடிச்சிருப்பாங்க. அதையும் சேர்த்துப் படிங்க. அப்புறம் டாக்டர் கிட்ட வரும்போது போன்ல டைப் பண்ணின எண்ணைக் காட்டாம அசல் ரிப்போர்ட்டைக் கொண்டு வாங்க, ப்ளீஸ்.

போன மாசம் எங்க மருத்துவமனைல குழந்தைகள் வார்டுலயும் இந்தப் புரோகிராமைக் கேட்டாங்க. அவங்களுக்கு எடை ஒரு கட்டம் கூடுதலா வேணும், வயசு மாசக் கணக்குல வேணும். புது வடிவம் எழுத 9 வரிதான் ஆச்சு. பழைய வடிவம் எதையும் தொடல.

சிஸ்டர் இன்னும் அந்த நோட்டுல எழுதிக்கிட்டுத்தான் இருக்காங்க. "புரோகிராம் சரியாயிருச்சே, இன்னும் எதுக்கு சிஸ்டர்?"னு புதுசா வந்த ஹவுஸ் சர்ஜன் தம்பி கேட்டான். அவங்க பதிலே சொல்லல, நிமிர்ந்து என்னைப் பார்த்தாங்க. நோட்டுல இன்னும் நாலு பக்கம்தான் பாக்கி. புதுசு வாங்க நேத்துதான் இண்டெண்ட்ல கையெழுத்துப் போட்டேன்.